பத்து மணிக்கு வராத செய்தி

மகள் போகும் மழலையர் பள்ளி வாசலில் புதிதாகக் கிருமிநாசினிப் புட்டி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளங்கையை நீட்ட வேண்டும். ஆயா ஒரு அமுக்கு அமுக்குவார். திங்கட்கிழமை காலை அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆயாவை அல்ல, பாவம். மகள் கையைத் தேய்த்துக்கொண்டே, சொல்லிக்கொள்ளாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து என் கையை முகர்ந்து பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. மூன்றரை வருஷமாகவே இல்லை.

அதே வாடைதான். தில்லை நகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. மோதிரத்தைக் கழற்றி, போனை லாக்கரில் பூட்டி, முழங்கை வரை அந்த இளஞ்சிவப்புத் திரவத்தைத் தேய்த்தால் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே இரும்பு நாற்காலி. எதிர்ச்சுவரில் கன்னங்கள் கொழுத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் போஸ்டர். சொன்னால் சிரிப்பீர்கள், வாழ்க்கையில் அந்தக் குழந்தையை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

எங்கள் மகள் இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தாள். ஆயிரத்து நாற்பது கிராம். அது எவ்வளவு என்று விளங்காமல் மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பைக் கையில் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் "நல்ல பருப்பு சார், தைரியமா எடுங்க" என்றார். வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அவள் குடல் நனைந்த காகிதம் மாதிரி, தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் உள்ளே விடத் தனக்குத் தைரியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே என் மனைவி மஞ்சு, தையல் ஆறாத வயிற்றோடு, ஸ்ரீரங்கத்து வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் வைத்துப் பால் எடுத்தாள். முதலில் ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு. அதை ஒரு நீல ஐஸ் பெட்டியில் வைத்து, கால் இடுக்கில் பத்திரப்படுத்தி, காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோவது என் வேலை. கீழ்வீட்டு மாமா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஸ்ரீரங்கத்தில் தினமும் ஐஸ் பெட்டி தூக்குகிறவன் மீனைத் தவிர வேறு எதைக் கொண்டுபோவான்?

பெட்டி தூக்கியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நான் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். எதைப் பார்த்தாலும் கிராஃப் போடுகிற வியாதி உண்டு. அவளுடைய எடைக்கும் போட்டேன். அதோடும் விடாமல், சொந்தக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து வாட்ஸப்பில் 'குட்டி அப்டேட்' என்று ஒரு குழு தொடங்கி, தினமும் காலை பத்து மணிக்கு அன்றைய கிராமை அறிவித்தேன். என்ன ஒரு உற்சாகம் எனக்கு! சித்தப்பா மகன் "அடுத்த செஞ்சுரி எப்ப மச்சான்?" என்று கேட்பான். உப்பிலியபுரத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, குரல் செய்தி அனுப்புவார்: "ஏழாம் மாசப் புள்ள தங்கும்டா. எட்டாம் மாசந்தான் தங்காது." நான் அதற்கு நாலு ஆங்கிலக் கட்டுரைகளின் இணைப்பை அனுப்புவேன். அத்தை எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறவர்.

இருபத்து மூன்றாம் நாள் விடிகாலையில் குழந்தை மூச்சுவிட மறந்து நீலம் பாரித்தாள். தட்டி எழுப்பி, கழற்றியிருந்த காற்றுக் குழாயை மறுபடி மூக்கில் மாட்டினார்கள். அன்று பத்து மணிக்கு நான் எதையும் அனுப்பவில்லை. போனையே எடுக்கப் பிடிக்கவில்லை. குழுவில் யாரோ "என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லாததால் இன்னொருவர் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார். ஒருவர் போட்டால் போதுமே நமக்கு. இரவுக்குள் வரிசையாகக் கைகூப்பல்.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரியில். வெளியே வந்தபின்னும் எடுக்கப் பிடிக்காமல் போன் லாக்கரிலேயே கிடந்தது. துணைக்கு இருந்த மாமியார் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மஞ்சு பம்ப்பை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறாள். வாசலில் அத்தை. "வாங்க அத்தை" என்றதற்குப் பதில் வரவில்லை. துக்க வீட்டில் 'வாங்க'வும் கிடையாது, அதற்குப் பதிலும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், மஞ்சுவுக்கும் தெரியும். அத்தை அவள் தோளைக் கட்டிக்கொண்டு ராகம் எடுத்து அழ ஆரம்பித்தார்.

நாற்பது நிமிஷம். அவ்வளவு நேரம் என் மனைவி குழந்தை செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தாள். லாக்கரைத் திறந்தபோது போன் திரை முழுக்க அவள் பெயர். கூப்பிட்டேன். அவள் அழவில்லை.

"எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?"

பின்னால் அத்தையின் ஒப்பாரி கேட்டது. குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று எத்தனை முறை சொன்னேனோ, அவள் நம்பவில்லை. கதவைத் தட்டி ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டேன். அதுவரை என்மேல் எரிந்து விழுவதைத் தவிர வேறு எதுவும் செய்திராத தலைமை நர்ஸ். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார்.

"மஞ்சு, உம் பொண்ணு இப்பத்தான் ஒண்ணுக்குப் போனா. நாந்தான் துணி மாத்தினேன். நனைஞ்சதும் என்ன கோவம் வருது அவளுக்கு. நீ அழாத."

வீட்டுக்கு வந்தபோது அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "பத்து மணிக்கு நீ போடலியேடா. நான் என்னன்னு நெனைப்பேன்?" என்றார். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் எழுந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்ற வாடகைக் காருக்குப் போனார். துக்கம் கேட்டு வந்தவர்கள் அப்படித்தான் போவார்கள். நான் பின்னாலேயே போய்க் கார்க் கதவைப் பிடித்தேன்.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க அத்தை."

"எழவுக்குன்னு கெளம்பி வந்த காலுடா. இப்ப சொன்னா அந்தப் புள்ளைக்கு ஆகாது."

"இங்க எழவு இல்ல. சொல்லுங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அத்தையின் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்து மூன்றே நாளில் போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: "உங்க புள்ள தங்கலைங்கறதுக்காக எம் புள்ளைக்கும் அழ வந்தீங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு கதவிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கார் போய்விட்டது.

அன்று மாலை பம்ப்பில் ஒரு சொட்டுகூட வரவில்லை. மறுநாளும் இல்லை. ஃப்ரீசரில் இருந்த கடைசிப் புட்டியை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஸ்டெல்லா சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஊரையே போன்ல கூட்டி உக்கார வச்சா பால் எங்கேருந்து சார் வரும்? அவங்கள கூட்டிட்டு வாங்க" என்றார். மஞ்சுவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மூக்குக் குழாயோடு குழந்தையைத் தூக்கி, அவள் மார்பின்மேல் தோலோடு தோலாகக் கிடத்தினார். இதைப் பற்றி நான் படித்த ஆராய்ச்சிகளை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். "கிராஃப் சார், நீங்க வெளிய இருங்க."

வெளியே இருந்தேன், போஸ்டர் குழந்தையை முறைத்தபடி. மூன்றாம் நாள் அரை ஸ்பூன் வந்தது. சீம்பால் மாதிரி மஞ்சளாக. அதை நான் யாருக்கும் அறிவிக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது அந்த மருத்துவமனை இல்லை. கட்டடத்தில் மெத்தைக் கடை வந்திருக்கிறது. போஸ்டர் எந்தக் குப்பையில் போனதோ, போகட்டும். ஸ்டெல்லா சிஸ்டர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். குழுவை நானே கலைத்தேன். கிராஃப் தாளைக் கிழித்தேன். நீலப் பெட்டியைக் கீழ்வீட்டு மாமி கேட்டு வாங்கிப்போய் வடாம் போட்டு வைத்திருக்கிறார். அத்தை அதற்கப்புறம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. போய் மன்னிப்புக் கேளுங்க என்று மஞ்சு, அழுகையைக் கேட்ட மஞ்சுவே, சொல்கிறாள். எனக்குக் கோபம் தீரவில்லை. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்கூட்டரை விட்டு இறங்கி, வாசலுக்குப் போய், மகளைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னேன். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆயா முணுமுணுத்தபடி அழைத்து வந்தார்.

"சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வரேன்ப்பா, போயிட்டு வரேன், போயிட்டு வரேன். போதுமா?" என்று கையை என் சட்டையில் துடைத்துவிட்டு ஓடினாள்.

அந்த வாசலில் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டு வாசலில்தான் ஒருவர், என் விரல்களைக் கார்க் கதவிலிருந்து எடுத்துவிட்டபடி, இன்னும் சொல்லாமல் நிற்கிறார்.