ஐம்பத்தெட்டு கிலோ மணல்

அப்பா ஒரு கார் கட்டினார். அதற்கு முன்பு வாங்கிய கார் எங்களைப் படுத்திய பாட்டிலிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். எங்கள் வீடு, சாலையிலிருந்து பிரியும் செங்குத்தான மண்பாதையின் உச்சியில் இருந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தீபாவளியன்று எங்கள் பழைய கார் மூன்று பேரைச் சுமந்துகொண்டு பாதி ஏற்றம் வந்து, இனி முடியாது என்று நின்றுவிட்டது. அம்மா இறங்கினாள். கொட்டும் மழையில், புதுப் புடவை சேற்றில் இழுபட, தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நடந்தே மேலே வந்தாள். அன்று அவள் கொட்டிய கோபம் காரைப் பற்றியது மட்டும் அல்ல. மறுவாரம் மலைக்குக் கீழே ஈப்போவிலிருந்த தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் மாறினால் படிப்பு கெட்டுவிடுமாம், அதனால் நான் இங்கேயே இருந்தேன்.

வீட்டில் பேச ஆள் இல்லை. நான் ரைஸ் குக்கரிடம் பேசுவேன். வேலை முடிந்ததும் அதுவாவது 'டிக்' என்று ஏதோ ஒன்று சொல்லும். அப்பா அதுகூடச் சொல்லமாட்டார்.

பிறகு ஒருநாள் இரும்புக் குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடலும் பெட்டி பெட்டியாக லோரியில் வந்து இறங்கின. பிரித்து அனுப்பியதை நாமே பூட்டிக்கொள்ளும் கார். எடை குறைவு. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின், அதிலிருந்து அச்சுக்குச் சங்கிலி. சக்கரத்தையும் பின் பல்சக்கரத்தையும் மட்டும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிஞ்சாங் டவுன் கடையில் பளபளவென்று பெரிய சக்கரங்கள் நான்கு இருந்தன. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அப்படியென்றால் சீக்கிரம் ஈப்போ. அப்படியென்றால் அம்மா. என் கணக்கு அவ்வளவுதான். அப்பாவோ இருப்பதிலேயே சின்னச் சக்கரத்தையும், அதிகப் பல் உள்ள பல்சக்கரத்தையும் எடுத்தார்.

"இதுல ஈப்போவுக்கு எப்பப்பா போய்ச் சேர்றது? கோலா தெர்லா தாண்டுறதுக்குள்ள காய்கறி லோரியெல்லாம் ஹார்ன் அடிக்கும்லா!"

"எறங்கறதுக்கு எந்தக் காரும் எறங்கும், பாப்பா. திரும்பி மேல ஏறணும்லா."

அப்பாவுக்கு அம்மாவிடம் போகவே மனமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பதே சந்தேகம்.

வண்டி தயாரானதும் அப்பா ஓர் உரச்சாக்கில் மணலை நிரப்பி, கொழுந்து நிறுக்கும் தராசில் வைத்தார். கொஞ்சம் எடுத்தார், கொஞ்சம் போட்டார், மறுபடி எடுத்தார். ஐம்பத்தெட்டு கிலோ சரியாக நின்ற பிறகுதான் சாக்கின் வாயைக் கட்டினார். அதை முன் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். நான் பின்னால். முதல்நாள் பாதி ஏற்றத்தில் இன்ஜின் திணறியது. அப்பா இன்னும் நான்கு பல் கூடுதலான பல்சக்கரம் வாங்கி மாட்டினார். மழை பெய்து பாதை சேறான ஒரு நாளாகப் பார்த்து மீண்டும் ஏறினோம். வண்டி நிற்காமல் வாசல் வரை வந்தது. அப்பா சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

நம்பர் பிளேட் கிடைத்த அடுத்த ஞாயிறு, மணல் சாக்கை இறக்கிவிட்டு முன் இருக்கையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தார். ஈப்போவில் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போனார். சாமான் வாங்குவதற்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் மழைத் தூறலில் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். அப்பா தனியாக வந்துகொண்டிருந்தார். சேற்றிலும் வண்டி கொஞ்சமும் திணறாமல் சர்ரென்று மேலே ஏறியது. நான் கோபத்தை எல்லாம் மறந்து கைதட்டிக் குதித்தேன்.

"அப்பா! இன்னிக்குத்தான் சூப்பரா ஏறுச்சு!"

இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஆள் இல்லல்ல பாப்பா. ஏறத்தான் செய்யும்."

நான் இன்னொரு முறை கைதட்டினேன். அம்மாவின் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்பது அப்போது எனக்குத் தெரியாது.