பதநீர் குடித்த ஞாயிறு

நான் குடியை விட்ட பிறகு, விவாகரத்தான என் மனைவி ஞாயிறுதோறும் மகளை என்னோடு அனுப்பச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை: கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் அவள் முகத்துக்கு நேராக நான் ஊதிக் காட்ட வேண்டும்.

போன கோடையில், வெயில் தாங்காமல் வழியில் பதநீர் வாங்கினேன். சுண்ணாம்பு குறைந்து அது கள்ளாகப் புளித்திருந்தது. ஒரு மடக்கிலேயே துப்பினேன், வாடை போகவில்லை.

“மறுபடியும் குடிச்சிட்டு வாரீங்க!” என்றாள்.

“பதநீர்தான் குடிச்சேன், புளிச்சிருச்சு.”

“எத்தன கத கேட்டிருக்கேன்! ஏட்டி, வா போவோம்.”

உண்மையைச் சொல்லவும், பொய் சொன்ன அதே வாய்தான் எனக்கு இருந்தது. மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். பல வாரம் கழித்துத்தான் அவள் அம்மா மீண்டும் அனுப்பினாள்.

இப்போது ஞாயிறு காலையில் தண்ணீர் தவிர எதையும் குடிப்பதில்லை. அவள் கேட்கும் முன்பே ஊதுகிறேன். விளையாட்டென்று நினைத்து, மகளும் என் முகத்தில் திருப்பி ஊதுகிறாள்.