உரத்தொட்டிக்குச் சுற்றிய திருஷ்டி

நேற்று என் உரத்தொட்டியின் படத்தைப் போட்டேன். மண்புழுக்கள் நெளிவதைப் பார்த்து எத்தனை பேர் பாராட்டினீர்கள்!

இன்று லாபிஸிலிருந்து வந்த என் தங்கை, நான் சந்தைக்குப் போன நேரத்தில் தொட்டிக்குத் திருஷ்டி சுற்றியிருக்கிறாள்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தேன். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் போட்டு, ஈரம் பார்த்துப் பார்த்து வளர்த்த புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன. மேலெல்லாம் கல்லுப்பு.

"என்னடி பண்ண?"

"சுத்துன உப்பு கரையணும்லக்கா? தொட்டி ஈரமாத்தானே இருந்துச்சி, அதுலயே கொட்டிட்டேன்."

"உப்புப் பட்டா புழு செத்துடும்டி!"

"அலமாக்! கண்ணு படக்கூடாதுன்னுதான்க்கா செஞ்சேன்."

அழுகிறாள். செத்ததை எல்லாம் வாளியில் அள்ளினேன்.

யாரிடமாவது மண்புழு இருந்தால் ஒரு பிடி கொடுங்கள். இந்த முறை படம் போட மாட்டேன். தங்கை இன்னும் ஒரு வாரம் இங்கேதான் இருப்பாள்.