நான்காவது கையெழுத்து

பத்திர ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார், நிலம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. டீக்கடையில் நிற்கிறவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இங்கன ஒரு கையெழுத்து போடுங்க" என்றால் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போவார். படித்த திமிர் எனக்கு. அதே வேலையை நான் இரண்டு வருஷம் லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

சென்னை வேலையை விட்டுத் தென்காசிக்கே வந்துவிட்ட பிறகு நான் பார்த்தது சாட்சி வேலைதான். பிளாக்செயின் என்பது இணையக் காசுக்கான கணக்குப் பேரேடு; ஒரு பிளாக்செயினில் நடப்பது இன்னொரு பிளாக்செயினுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஒருவர் தன் காசைப் பெட்டகத்தில் பூட்டினால், அந்தப் பக்கம் அதற்கு ஈடான காசு அவருக்குக் கிடைக்க வேண்டும். நடுவில் இருக்கும் பாலத்துக்கு யாராவது, "ஆமாம், பூட்டியாகிவிட்டது, நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி அதைச் சொன்னால் ஏமாற்றலாம் என்பதால் எங்கள் பாலத்தில் ஐந்து பேர். சின்னத் தொகைகளை மென்பொருளே சரிபார்த்துவிடும். பெரியவை எங்களிடம் வரும். ஐவரில் நால்வர் கையெழுத்துப் போட்டால்தான் காசு நகரும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு.

எங்களைச் சேர்த்தவர் ஆய்க்குடி அண்ணாச்சி. சென்னையில் எனக்கு மேலே வேலை பார்த்தவர், தங்கமான மனுஷன். செங்கோட்டைக்காரர் ஒருவர், கனடாவுக்குப் போய்விட்ட நம் ஊர்க்காரர் ஒருவர், நான். ஐந்தாவதாக, எங்களில் இளையவள், சுரண்டையில் வீட்டிலிருந்தே வேலை செய்த ஒரு பெண். வெவ்வேறு இடத்து ஆட்கள் என்று எங்களைப் பாலத்துக்காரர்கள் நம்பினார்கள். நாங்களோ ஒரே வாட்ஸ்அப் குரூப்.

ஆளுக்கொரு பிணை வைக்க வேண்டும். தப்பான கையெழுத்துப் போட்டால் பிணை போய்விடும். யாரிடமும் போய் அழ முடியாது. சுரண்டைப் பெண்ணுக்குப் பிணைக்காசு கொடுத்தது துபாயில் இருந்த அவள் அண்ணன். அடுத்த வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்து கடை போடுவதற்காக அவர் சேர்த்து வைத்தது. "சும்மாதான கெடக்கு. நான் வரும்போது எடுத்துக்கிடலாம்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

வேலை நடந்த விதம் இதுதான். கோரிக்கை வந்ததும் அண்ணாச்சி குரூப்பில் 'பாத்தாச்சு' என்று ஒரு வார்த்தை போடுவார். மற்றவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். சரிபார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அண்ணாச்சி பார்த்ததை நாமும் பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற பெரியவரிடம் நோட்டை வாங்கி யாராவது கூட்டிப் பார்ப்பார்களா?

சேர்ந்த புதிதில் அந்தப் பெண் குரூப்பில் கேட்டாள்: "எல்லாரும் தனித்தனியா பாக்கணும்லா? நான் இப்பதான் பாத்துக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் இருங்க." நான்தான் முந்திக்கொண்டு பதில் போட்டேன். "ஏட்டி, அண்ணாச்சி பாத்துட்டாவன்னா பாத்துட்டாவ. நீ என்ன அவியளுக்கே பரீட்ச வைக்க?" கூடவே நாலைந்து சிரிக்கும் பொம்மைகள். செங்கோட்டைக்காரரும் சிரித்தார். அண்ணாச்சி பெருந்தன்மையாக ஒரு கைகூப்பு போட்டார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, சீக்கிரம் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு நாள். குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. போன வருஷம் முகம் கொடுத்துப் பேசாத சொந்தமெல்லாம் துண்டோடு வந்து இறங்கும். காலையில் குளிக்கப் போன பதினோரு பேர் பசியோடு திரும்பும் நேரம். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். போனில் 'பாத்தாச்சு' வந்தது. ஒரு கையைக் கழுவிக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டு, கருகப் பார்த்த பஜ்ஜியைத் திருப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு பஜ்ஜிதான் பெரிதாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. காசு எங்கள் பெட்டகத்தில் பூட்டப்படவே இல்லை. எங்கள் பெட்டகத்துக்கு நீளமான ஓர் எழுத்துவரிசைதான் முகவரி; அதைப் போலவே ஒன்றை எவனோ செய்து வைத்திருக்கிறான். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் அப்படியே இருந்தன, நடுவில் வேறு. இங்கே பூட்டாத காசுக்கு அங்கே நல்ல காசு போய்விட்டது. பாலத்தை நம்பி வைத்திருந்த, நாங்கள் முகமே பார்த்திராத எத்தனையோ பேரின் காசு அது. மறுநாள், கையெழுத்துப் போட்டிருந்த நான்கு பேரின் பிணையும் போனது. கனடாக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

அண்ணாச்சி போனில் அழுதார். சென்னையிலிருந்து வந்த மச்சினன் குடும்பத்தை ஐந்தருவிக்குக் கூட்டிப்போன இடத்தில், துண்டும் கையுமாக நின்றுகொண்டு, பார்க்காமலே 'பாத்தாச்சு' போட்டாராம். "வழக்கம்போல போட்டுட்டேம்மா. தப்புன்னா நீங்க யாராவது சொல்லுவியன்னு நெனச்சேன்." நாங்கள் அவரை நம்பினோம், அவர் எங்களை நம்பினார். பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து சுரண்டைக்கு பஸ் ஏறினேன். எனக்குப் போனது போகட்டும், இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் அவளும் அவள் மதினியும் இருந்தார்கள். மதினி என்னை "வாங்க" என்று கேட்டதோடு சரி, உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. அவர் வீட்டுக்காரர் துபாயில் இன்னும் மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண்தான் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஒன் வாய அடச்சது நாந்தான்ட்டி. அன்னைக்கு நான் சிரிக்காம இருந்திருந்தா, நீயாவது பாத்திருப்ப" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் பாத்தேன்க்கா."

எனக்குப் புரியவில்லை.

"நடுவுல எழுத்து மாறி இருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன். குரூப்புல கேக்கலாம்னு டைப்கூடப் பண்ணிட்டேன். அதுக்குள்ள நீங்க மூணு பேரும் போட்டிருந்திய. எனக்குத்தான் பாக்கத் தெரியல போலன்னு அத அழிச்சிட்டு, நானும் போட்டுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு எதையாவது பேசித் தப்பித்திருப்பேன். அவள் உள்வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மதினி காதில் விழாதபடி சொன்னாள்:

"அண்ணன்கிட்ட, பாக்காம போட்டுட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். பாத்துட்டுத்தான் போட்டேன்னு எப்படிக்கா சொல்ல?"