சம்மனசு நிற்கும் கல்லறை

ஊர் சுற்றிக் காட்டுவது பேசிப் பிழைக்கும் தொழில். புதுச்சேரியில் எனக்கு அதில் பாதி கல்லறைத் தோட்டத்தில் கழிகிறது. உங்களில் யாராவது கைடு வேலை பார்த்திருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். காட்டுவதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்து உருகுகிறவர்களை என்ன செய்வது?

கறுப்பு கிரானைட்

உலகமெல்லாம் போய் வாசித்த நம்மூர் வயலின்காரர் அங்கேதான் தூங்குகிறார். அவர் ஆசைப்படியே வெறும் சுண்ணாம்பு மேடை, சின்னச் சிலுவை. பக்கத்துக் கல்லறையோ பளபளக்கும் கறுப்பு கிரானைட். மேலே சிறகு விரித்த சம்மனசு சிலை, கீழே பிரெஞ்சில் நாலு வரி. எல்லோரும் நேரே அங்கேதான் போய் நிற்பார்கள்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த தம்பதி அதில் ரோஜா மாலையை வைத்து, போனில் அவர் வயலினை மெல்ல ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. கடற்காற்று வேறு. அந்த மயக்கத்தில் நானும் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டேன். பிறகு, "சார், அவர் கல்லறை பக்கத்துல இருக்கு" என்றேன். கணவர் நம்பவே இல்லை.

"இவ்ளோ பெரிய வித்வானை இந்தச் சின்ன மேடையிலயா வைப்பாங்க? நல்லா விசாரிச்சுட்டுச் சொல்லுங்க தம்பி!"

மதாமின் முதுகு

கிரானைட்டுக்குள் இருப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த தமிழர். வயலின்காரருக்கு அடுத்த வீடு. விடியற்காலையில் அங்கே சாதகம் தொடங்கினால், இவர் ஜன்னலைப் படாரென்று சாத்துவாராம். இவர் மனைவி ரோஸ்லின் மதாம் சாயங்காலம் வந்து, தப்பாக விழுந்த மாலைகளையெல்லாம் எடுத்து வயலின்காரர் மேடையில் வைப்பார். குனிந்தால் நிமிர முடியாத முதுகு. நான் வைக்கிறேன் என்றால் கேட்கமாட்டார்.

"அடுத்தவங்க பூ எங்களுக்கு எதுக்குப்பா? எங்க வீட்டுக்காரருக்கு வைக்கத்தான் நான் இருக்கேனே!"

கல்லறைத் திருநாளுக்கு முன்

கல்லறைத் திருநாளன்று அவரவர் குடும்பம் வந்து கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும். சாயங்காலம் தோட்டமே மினுமினுக்கும். ஒன்று மட்டும் இருட்டாகக் கிடந்தால், அதற்கு ஆளில்லை என்று அர்த்தம். போன வருஷம் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் மதாமைப் பிள்ளைகள் பாரீசுக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். இனித் திரும்பி வருவது சந்தேகம். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். "திருநாளுக்கு நான் ஏத்தறேன் மதாம்" என்றேன். தலையாட்டினார், கண் மட்டும் நிற்காமல் வழிந்தது. எனக்கும் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, லாஸ்பேட்டையில் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். சம்மனசின் காலடியில் மல்லிகையை வைத்து, வயலினை ஓடவிட்டாள். வழக்கம்போல் திருத்த வாயைத் திறந்தேன். மதாம் என் கையைப் பிடித்தார். வாசிப்பு முடியும் வரை விடவில்லை. அந்தப் பூவையும் எடுக்கவில்லை.

"சொல்லாதப்பா. நான் போனப்புறம் யாரு வந்து வச்சாலும் சொல்லாத. ஜன்னல சாத்த முடியாம கேட்டுக்கினு கெடக்கட்டும், தனியா மட்டும் கெடக்க வேணாம்."

தப்பான கல்லறையில் நிற்பவர்களைத் திருத்தாமல் விட்டு, அவர்கள் போனதும் மாலையில் பாதியைப் பிய்த்து வயலின்காரருக்கு வைத்துக் கூலியும் வாங்கிக்கொள்ளும் கைடு, எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.