கேட்காமல் வைத்திருந்த கசெற்றுகள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் இன்றைக்குச் சுவிஸில், பேர்ண் நகரத்தில் என் துப்புரவு நிறுவனத்தில் முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். நகரத்தின் பெரிய கட்டடங்களில் கண்ணாடி மினுங்குகிறதென்றால் பாதிக்குப் பாதி என் ஆட்களின் கை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்னதும் நான்தான்.

ஒரு சங்கதியை மட்டும் எந்த மண்டபத்திலும் சொன்னதில்லை. எண்பத்தாறாம் ஆண்டில், திங்கட்கிழமை தோறும், நான் ஒரு மனநல வைத்தியரிடம் போய்வந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம். என் மனைவியின் குரலைக் கேட்க முடியாமல் போனதால் வந்த வினை அது.

அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். நான் பேர்ணின் ஓரத்தில், பூம்ப்ளிஸில், ஒரு மூன்றறை வீட்டில் ஐந்து ஆண்களோடு இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் அவளைக் கூப்பிட வழியில்லை. கடிதம் என்றால் நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். அறைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தால் அவள் எனக்குச் சொல்வது முதலில் அவர்களுடைய காதுக்குப் போகும். ஆகவே அவள் கசெற்றில் பேசி, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள்.

முதல் கசெற் வந்த அன்று வீடு காலியாகும்வரை காத்திருந்து போட்டேன். "இஞ்சாருங்கோ" என்றாள். அந்த ஒரு சொல்தான். என் கை தானாகப் போய் நிறுத்திவிட்டது. நெஞ்சு அடித்த அடியில் சேர்ட் பொத்தான் அசைந்ததைக் குனிந்து பார்த்தேன்.

அதன்பிறகு இன்னும் மூன்று வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகும்போது ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். பஸ்ஸில் வெளியே எடுத்து, அதன்மேல் அவள் எழுதிய இலக்கத்தைப் பார்ப்பேன். இரண்டு என்று எழுதும்போது வாலை நீட்டி மேலே வளைத்திருப்பாள். ஓய்வு நாளில் ஆரே ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, சின்ன ரேப் ரெக்கோடரில் கசெற்றைப் போட்டு, ஓடுகிற பொத்தானையும் முன்னே தள்ளுகிற பொத்தானையும் ஒன்றாக அழுத்துவேன். அவள் குரல் அணில் கத்துவதுபோலக் கீச்சென்று ஓடும். ஒரு சொல்லும் விளங்காது. அப்படியென்றால் தாங்கலாம். எங்கே சிரிக்கிறாள், எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்துகிறாள் என்பது மட்டும் தெரியும். அந்தக் கோடை முழுக்க என் மனைவி எனக்கு ஓர் அணில்.

அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். நான் கழுவிய கோப்பையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு குறைதான். விருந்தாளிகள் பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர்க் கிளாஸ்கள் தட்டுத் தட்டாக வரும். தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு கிளாஸை மெசினில் அடுக்கவேண்டும். என்னால் ஊற்ற முடியவில்லை. தண்ணீரோடு எடுத்து மேல்தட்டில் வரிசையாக வைப்பேன். மத்தியானம் முடிய நாற்பது ஐம்பது நிற்கும்.

"இங்கே என்ன, மீன் வளர்க்கப் போகிறாயா?" என்று தலைமைச் சமையற்காரர் கேட்டார். சிக்கனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பகல், சட்டி அடுக்கு சரிந்து விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவு வந்தபோது நான் வெட்டுகிற மேசைக்குக் கீழே, ஏப்ரனைப் பல்லால் கடித்தபடி கிடந்தேன். தலைமைச் சமையற்காரர், நூறு கிலோ ஆள், வயிறு நிலத்தில் பட என் முன்னால் படுத்து ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பேர்ண் டொச், அந்த ஊர் ஜெர்மன், எனக்கு விளங்கவில்லை. மாட்டைத் தடவும்போது பேசுகிற தொனி. மறுநாள் அவரே என்னை வைத்தியரிடம் அனுப்பினார். இரத்தம், வயிறு, எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். அந்த வைத்தியர் ஒரு துண்டு எழுதி மனநல வைத்தியரிடம் போகச் சொன்னார். விசர் டொக்டர், பைத்தியத்துக்குப் பார்க்கிறவர், என்று என் வாய்க்குள் ஒரு சொல் வந்தது. துண்டை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தேன்.

போயிருக்கவே மாட்டேன். அந்தக் கிழமை அவளுடைய கடிதம் வந்தது. வேறு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லாதபடி ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதியிருந்தாள். "நாலு கசெற்றுக்கும் ஒரு பதில் இல்லை. உங்களுக்கு அங்கை வேறை ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. நான் வழி பாத்துக்கொண்டிருக்கிறதை விடுறன்." மூன்று வரி. அதை வாசிக்க எனக்கு ஒரு கோப்பி குடிக்கிற நேரம் எடுத்தது.

அந்தத் திங்கட்கிழமை நான் உடுத்திக்கொண்டு வெளிக்கிட, அறைக்காரர் ஒருவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டார்.

"என்ன அண்ணை, சென்ற் எல்லாம் அடிச்சிருக்கு. ஆரும் வெள்ளைக்காரியோ?"

"ஓம். ஒரு வெள்ளைக்காரி, ஒரு எங்கடை ஆள்."

"ரெண்டு பேரோ? எங்களுக்கு ஒண்டுக்கே வழியில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொன்னது உண்மையாகவே ஆகிப்போனது. வைத்தியர் ஐம்பது வயதுப் பெண், காலில் மலைச் சப்பாத்து. பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெண். அவரைக் கண்டதும் நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். ஊரில் படிப்பித்தவர் என்பதால் எல்லாரும் அவரை டீச்சர் என்போம். என் அகதி விசாரணையிலும் மொழிபெயர்த்தது அவர்தான்.

இதை விளங்கப்படுத்தவேண்டும். எங்கள் ஆட்களிடம் ‘கேஸ்’ என்று ஒன்று இருந்தது. ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று விசாரணையில் கேட்பார்கள். தன்னுடைய சொந்தக் கதை போதாது என்று ஒவ்வொருவருக்கும் பயம். அதனால் ஒரு நல்ல கதையைப் பாடமாக்கிக்கொண்டு போவார்கள். பொய் சொன்னோம் என்று மட்டும் சொல்வது சரியில்லை. நடந்தது வாயில் வராது. வாயில் வருவதைச் சொன்னோம். கேஸ் கட்டுவதில் என்னை அடிக்க ஆளில்லை. பச்சை ஜீப் வந்தது, கிணற்றடியில் வைத்துப் பிடித்தார்கள், இரண்டு கிழமை அடைத்து வைத்தார்கள், கக்கூஸ் யன்னலால் தப்பினேன். திகதிகளை விரல் மடிப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். நொஷாட்டலில் இருந்து ஒருவர் ரயிலேறி வந்து என்னிடம் பாடம் கேட்டுப் போனார்.

இப்போது டீச்சர் முன்னால் வேறு கதை சொன்னால் என் விண்ணப்பத்தின் கதி என்ன? ஆகவே வைத்தியரிடமும் கேஸையே சொன்னேன்.

வைத்தியர் கேள்விகள் கேட்டார். நடந்தது கனவில் திரும்ப வருகிறதா, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாயா, எதையாவது தவிர்க்கிறாயா, முன்னர் பிடித்தது இப்போது பிடிக்காமல் போனதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். நித்திரைக்கு ஒரு சின்னக் குளிசை தந்தார். பிறகு அவருடைய வைத்தியம் தொடங்கியது. மிக மோசமான நேரத்தை, கண்ணை மூடி, மெதுவாகச் சொல்லவேண்டும். என்ன மணத்தது, வெயில் எங்கே விழுந்தது, எல்லாம். பயம் வருகிற இடத்தில் ஓடாமல் நின்று, அது தணிகிறவரை இருக்கவேண்டும். நான் ஜீப்பைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன். ஆறு திங்கட்கிழமை. வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல. ஒரு துளி வியர்க்கவில்லை. நல்ல நோயாளி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் கசெற் நான்கும் அப்படியே கிடந்தன.

ஏழாவது திங்கள், கதை முடிந்து எழும்பும்போது, வைத்தியர் என் கிளாஸில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் கைகழுவுகிற தொட்டிக்குள் ஊற்றப் போனார். என் கை போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கவில்லை, கைதான் பிடித்தது.

அவர் கையை இழுக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் தமிழில் சொன்னார்: "அண்ணை, டொக்டர் கேக்கிறா. ஜீப்பைப் பற்றிச் சொல்லேக்கை உங்கடை கை மடியிலை சும்மா கிடக்குதாம். தண்ணியை ஊத்தப் போகேக்கை ஏன் எழும்புது எண்டு."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இனி நான் சொல்லுறது டொக்டர் சொன்னதில்லை. அந்தப் பச்சை ஜீப்பை நான் இதுவரைக்கும் ஏழு பேருக்கு மொழிபெயர்த்துப் போட்டன். அதே கிணறு, அதே கக்கூஸ் யன்னல். அந்த யன்னலாலை ஒரு ஊரே வெளியிலை வந்திட்டுது அண்ணை."

எனக்கு நிலம் பிளக்கவில்லை என்பதுதான் குறை.

"நல்ல கேஸ்தான். ஆனா இது கேஸ் சொல்லுற இடமில்லை. இங்கை சொல்லுறது அங்கை போகாது. நானும் கொண்டுபோக மாட்டன், டொக்டரும் கொண்டுபோக மாட்டா."

"சத்தியமோ?"

"சத்தியம் பண்ண நேரமில்லை. அடுத்த ஆள் வெளியிலை இருக்கிறார். தொடங்குங்கோ."

தொடங்கினேன்.

எனக்கும் என் மனைவியின் தமையனுக்கும் பங்கில், ஆட்களேற்றுகிற ஒரு வான் இருந்தது. அவளுக்கும் அவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம்; ஒரே குரல். சொல்லின் கடைசியை இரண்டு பேரும் மூக்கால் இழுப்பார்கள். ஒரு காலை, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், தெருவில் ஆமி சுடத் தொடங்கியது. இறங்கி ஓடினோம். நான் வாய்க்காலுக்குள் விழுந்தேன். அவனுக்கு வயிற்றில் பட்டுத் தெருக்கரையில் விழுந்தான். இரண்டு முழம் தூரம். ஆமிக்காரர் தெருவில் நின்றார்கள். "மச்சான், தண்ணி" என்றான். ரேடியேற்றருக்கு ஊற்றுகிற தண்ணீர்ப் போத்தல் என் கையில் இருந்தது. நான் கையை நீட்டவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை அவன் கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். வீட்டில் போய், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. டீச்சர் கடைசி வசனத்தை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்தார்.

அன்றைக்குத்தான் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். பின்னாளில் தமிழில் ‘நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்’ என்று எழுதக் கண்டேன். இந்தப் பெயரை வைத்தியப் புத்தகத்தில் ஏற்றிக் கொஞ்ச வருடங்கள்தான் ஆகிறது என்றார். இது விசர் இல்லை, தமிழனுக்கு மட்டும் வருவதும் இல்லை என்றார். மலையில் பனிச்சரிவில் புதைந்து, அரை நாள் கழித்துக் கிண்டி எடுக்கப்பட்ட ஒருவர் அவரிடம் வருகிறாராம். கூரையிலிருந்து பனி சறுக்கினால் அவரும் மேசைக்குக் கீழேதான் போவாராம். நடந்தது நடந்து முடியவில்லை, உடம்புக்கு அது இன்னும் இன்றைக்குத்தான் என்று டீச்சர் மொழிபெயர்த்தார். எனக்கு அது விளங்கியது. படித்தவர்கள் பலருக்கு விளங்க நாளாகுமாம், வைத்தியரே சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் வாய்க்காலுக்குள் இறங்கினேன். மெதுவாக, ஓடாமல். முடிவில் தொட்டியடிக்குப் போய் கிளாஸ் தண்ணீரை ஊற்றவேண்டும். முதல் நாள் ஒரு மிடறு. குளிர்காலம் தொடங்க ஒரு முழுக் கிளாஸ். உணவகத்தில் மேல்தட்டு வெறுமையானதைக் கண்டு தலைமைச் சமையற்காரர், "மீன் எல்லாம் செத்துப்போச்சா?" என்றார். முதுகில் ஒரு தட்டும் தட்டினார்.

பிறகு முதலாவது கசெற்றை வைத்தியரின் அறைக்குக் கொண்டுபோனேன். டீச்சர் எழும்பினார்.

"இதிலை எனக்கு வேலையில்லை" என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"இஞ்சாருங்கோ" என்றாள். நான் ஓடவில்லை. கூரையில் ஓடு உடைந்து ஒழுகுகிறதாம். தையல் மெசினைத் திருத்தி எடுத்துவிட்டாளாம். குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போடவேண்டுமாம், நான் போட மாட்டேன் என்று தெரியுமாம். அணில் சிரித்த இடத்தில் அவள் சிரித்தாள், காலுறைக்கு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த வைத்தியர் கடைசிவரை பக்கத்தில் இருந்து கேட்டார்.

என் பதிலை ஒரு திங்கட்கிழமை பகல் ஆளில்லாத வீட்டில் ஒரு கசெற்றில் பேசினேன். உண்மையைச் சொன்னேன். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் பூம்ப்ளிஸ் பஸ் நிறுத்தத்தில் இறங்கிய ஒவ்வொரு தமிழனின் பையையும் நான் கண்ணால் சோதித்தேன். கையை நீட்டாத ஒருவனோடு வாழ அவளுக்கு ஏன் மனம் வரவேண்டும்?

எண்பத்தொன்பதில் அவள், நான் அனுப்பிய கசெற்றுகளோடு வந்து, என்னோடு முப்பது வருடம் இருந்து, நான்கு வருடங்களுக்கு முன்னர் கண்ணை மூடிவிட்டாள். அது எல்லாருக்கும் தெரியும். இப்போது வீட்டில் நான்தான். அந்தக் கசெற்றுகளைச் சரியான வேகத்திலே கேட்கிறேன். சில நாட்கள் பழக்கத்தில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, அந்த அணிலையும் கேட்பேன்.

அதிகம் கேட்பது ஐந்தாவதைத்தான். மூன்று மாதம் கழித்து வந்தது அது. தொடக்கத்தில் அவள் இல்லை. கிணற்றில் வாளி விழுகிற சத்தம் மட்டும், வெகுநேரம். பிறகு:

"இஞ்சாருங்கோ. கேட்டன். நீங்கள் ஓடி ஓடிச் சொல்லிப் போட்டியள். அண்ணை எத்தினை தரம் கேட்டவர், உங்களைப் பாத்தவரோ, வேறை என்ன சொன்னவர், ஒண்டும் வடிவா விளங்கேல்லை. எனக்கு அண்ணையைப் பற்றி எல்லாம் தெரியவேணும். ஆறுதலாச் சொல்லுங்கோ. மிச்ச இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறன். சொல்லிப்போட்டு இதையே திருப்பி அனுப்புங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அதோடு அவள் குரல் நின்றது. வெறும் நாடா ஓடும் இரைச்சல். அது வந்த அன்று, குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அவள் விட்டிருந்த இடத்தில், குரல் பதிகிற சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.