கடைசி பெஞ்சுக்கும் கேட்ட கொட்டகை

இல்லாத இடத்தைக் காட்டி, ஆளுங்களை வெயில்ல நடக்க வச்சு, 'ஆஹா' சொல்ல வைக்கிறதுதான் எங்க தொழில். ஞாயித்துக்கிழமை பழைய இடங்களைச் சுத்திக் காட்ட 'வாக்' கூட்டிட்டுப் போற எல்லாருக்கும் இந்த வலி தெரியும். எனக்கு வாரம் முழுக்க மும்பை செம்பூர் ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி, ஞாயிறு காலைல தாராவி வாக். இதையே குர்லா பிளாட்பாரத்துல நின்னுதான் டைப் பண்ணுதேன். வண்டி வந்தா பாதில விட்டுட்டு ஏறிருவேன், கோவிச்சுக்காதீங்க.

என் வாக்கோட ஹீரோ ஒரு கொட்டகை. முழுக்கப் பாட்டாவே நாடகம் போட்ட தமிழ்க் கொட்டகை. எங்கிட்ட இருக்குறது ஒரே ஒரு பழைய நோட்டீஸ். அதுல அட்ரஸ் 'தாராவி, கொட்டகை', அவ்வளவுதான். ஊருக்கே தெரிஞ்ச இடத்துக்கு யாரு அட்ரஸ் போடுவா? இப்ப ஒருத்தருக்கும் தெரியல. நானா தேடி, ஒரு கல்லில, அதான் சந்துல, பாதி இடிஞ்ச ஷெட்டைப் பிடிச்சேன். தரை ஒரு பக்கமா சரிஞ்சு இறங்குது. பின்னால உக்காந்தவங்களுக்கும் மேடை தெரியத்தான சரிவு! எட்டு மாசமா எல்லாரையும் அங்க நிப்பாட்டிக் கைதட்ட வச்சேன்.

தொலைஞ்சதா, எங்க?

'லாஸ்ட் ஓபரா ஹவுஸ்', அதாவது தொலைஞ்சுபோன ஓபரா ஹவுஸ்னு போஸ்டர் போட்டேன். தலைப்பு மட்டும் இங்கிலீஷ்ல, மத்ததெல்லாம் தமிழ்ல. காலைல எட்டு மணி. பாண்டுப்ல இருந்து புக் பண்ண ரெண்டு பசங்களைக் காணோம். போன் அடிச்சா, டவுன்ல இருக்குற நெஜ ஓபரா ஹவுஸ் வாசல்ல நிக்கானுங்க! நல்லா தமிழ் பேசுவானுங்க, படிக்க வராது. தலைப்பை மட்டும் பாத்துட்டு டிரெயின் ஏறிட்டானுங்க.

"அக்கா, ஓபரா ஹவுஸ் இங்க ஜம்முனு நிக்குது, பெயிண்ட்கூட அடிச்சிருக்கான். நீங்க எதைத் தொலைச்சீங்க?"

உல்லாஸ்நகர் போன்

ஆபீஸ் லஞ்ச்ல, போஸ்டரைப் பாத்துட்டு ஒரு போன். உல்லாஸ்நகர்ல துணிக்கடை வச்சிருக்குற செல்வி அக்கா. அவங்க அப்பா நம்ம கொட்டகைல ராஜா வேஷம் கட்டிப் பாடினவராம்! போன மாசம் தவறிட்டாராம். எனக்குச் சோத்துக்கை அப்படியே நின்னுபோச்சு. "வாங்கக்கா, மேடையவே காட்டுதேன்"னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயிறுக்கு வாரேன்னாங்க. நான் கதை, நோட்டீஸ், போட்டோனு அடுக்க ஆரம்பிச்சேன். நடுவுல நிப்பாட்டிட்டாங்க.

"கதையெல்லாம் வேண்டாம்மா. அப்பா நின்ன எடத்துல ஒரு நிமிஷம் நிக்கணும், அவ்வளவுதான்."

முன் வரிசை

அடுத்த ஞாயிறு வழக்கமான வாக். ஷெட்டுல நான் பெரிய குரல்ல "இதான் முன் வரிசை, அதோ மேடை"ங்கேன், எல்லாரும் கைதட்டுதாங்க. காட்கோபர்ல இருந்து வந்த ஒரு அண்ணன் மட்டும் கைய கட்டிட்டு நிக்காரு. அப்புறம் குனிஞ்சு தரையைத் தடவிப் பாத்தாரு. வாக் முடியுறவரை ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷன். எல்லாரும் போனப்புறம்தான் பக்கத்துல வந்தாரு. அது பழைய தோல் பட்டறையாம், சரிவு தண்ணி வடியுறதுக்காம். செல்வி அக்கா வர இன்னும் ஏழே நாள்.

"தங்கச்சி, நீ முன் வரிசைன்னு காட்டுன எடத்துலதான் எங்கப்பா உப்புத்தோல் அலசுவாரு. மேடைன்னு காட்டுனியே, அது சாக்கடை."

மாட்டுங்கா மாமா

அந்தக் கொட்டகைக்குப் போனவர் ஒருத்தர் மாட்டுங்கால இருக்காருன்னு கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல தலைவலின்னு சொல்லிட்டு ஓடினேன். பாலக்காட்டு மாமா, ரிடையர்ட் கிளார்க். எந்த கல்லி மாமான்னு கேட்டா, "தோல் நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திண்டு ஓடுவோம், வழியை யார் பார்த்தா?"ங்காரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி, உள்ள எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். மைக்கே கிடையாதாம்.

"நாங்க கடைசி பெஞ்சுலதான் உக்காருவோம். ஆத்துக்கு வந்து முதல் பெஞ்சுன்னு அளப்போம். யாரும் சந்தேகப்படமாட்டா, ஒரு வார்த்தை விடாம சொல்லுவோமே!"

கட்டிங் டேபிள்

பிடிச்சுக்கிட்டேன்! தரைய விடு, சத்தத்தைத் தேடு. ஆபீஸ் தலைவலியைக் காய்ச்சலாக்கிட்டு, மூணு நாள் ஒவ்வொரு ஷெட்டா நுழைஞ்சு முணுமுணுத்துப் பாத்தேன். ரெண்டு இடத்துல தொரத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை, காதர் பாயோட ஸ்கூல் பேக் பட்டறை. கதவுல இடிக்கிறதுக்கான சர்வே நம்பர் எழுதியாச்சு. பாய் தொழுகைக்குப் போயிருக்காரு, மெஷின் எல்லாம் ஆஃப். உசரமான ஒரு திண்டு மேல கட்டிங் டேபிள். அங்க நின்னு, "முதலாளி உக்கார ஒரு ஸ்டூல்கூட போடல"ன்னு வாய்க்குள்ளதான் சொன்னேன். அந்தக் கோடில கடைசி மெஷின்ல, முன்னாடியே தொழுதுட்டு வந்து சோறு தின்னுட்டிருந்த தையல்காரர் நிஜாம் சிரிக்காரு: "யக்கா, அங்க நின்னு முதலாளியப் பேசாதீய, இங்க வரைக்கும் கேக்கும். அவர ஏசணும்னா நாங்க டீக்கடைக்குத்தான் போவோம்!"

திண்டுக்குப் பின்னால இருந்த ரேக்கைத் தள்ளிப் பாத்தா, குரலை அள்ளி முன்னால வீசுற மாதிரி பின் சுவர் சட்டி கணக்கா உள்வாங்கி வளைஞ்சிருக்கு. மெஷின் காலுக்கெல்லாம் கட்டை முட்டுக் கொடுத்திருக்கு, தரை சரிவு. தொழுகை முடிஞ்சு வந்த பாய்கிட்ட மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன்.

"மேடையா? ரேக் ஒட்டி நிக்கலன்னு இருவது வருசமா இந்தச் சொவரக் கட்டுனவன ஏசிட்டிருக்கேன். அவன் ஒழுங்காத்தான் கட்டிருக்கானா?"

ஒரு நிமிஷம்

ஞாயிறு பட்டறைக்கு வேலை நாள். ஸ்கூல் தெறக்கப் போகுது, ஆர்டர் நெருக்குது. "ஒரு நிமிஷம் மெஷின நிறுத்துதேன், ரெண்டாவது நிமிஷத்துக்கு எங்கிட்ட வராதே"ன்னுட்டாரு பாய். செல்வி அக்கா செருப்பைக் கழட்டிட்டு திண்டுல ஏறினாங்க. பாய் கையைத் தூக்கினாரு. பன்னெண்டு மெஷினும் நின்னுச்சு. எனக்கு ஆயிரம் விஷயம் சொல்லணும்னு நாக்கு துடிக்குது. அக்கா வாயத் தெறந்தாங்க. பாட்டு வரல. மறுபடி தெறந்தாங்க. அப்புறம் தனக்குத்தானே, பக்கத்துல நின்ன எனக்கே சரியா கேக்காத மாதிரி, "எனக்குப் பாட வராதேப்பா"ன்னாங்க. கடைசி மெஷின்ல இருந்து நிஜாம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

"அதுவும் இங்க நல்லா கேக்குதுக்கா!"

எட்டு மாசமா சாக்கடையைக் காட்டிக் கைதட்டு வாங்கினவ, நெஜ மேடை கெடைச்ச அன்னிக்கு ஒரு நிமிஷம் வாய மூடிட்டு நின்னேன் பாருங்க, இந்தத் தொழில்ல நான் ஒழுங்கா செஞ்ச வேலை அது ஒண்ணுதான்.